ரொட்டி அடைசல்

ரொட்டி இன்னும் காயவில்லை. நேற்று மத்தியானமே கிள்ளிக் கிள்ளிச் சுளகில் பரப்பி மாடியில் வைத்ததுதான், ஆனால் மார்கழிக் கடல்காற்று சும்மா இருக்குமா, வெயில் பாடுபட்டுக் காயவைத்ததைச் சாயந்திரம் வந்து ஒரு தடவு தடவி நனைத்துவிட்டுப் போயிருந்தது. பிரகாசியம்மாள் ஒரு துண்டை எடுத்து விரலிடுக்கில் அமுக்கிப் பார்த்தாள். கைப்பிள்ளையின் காதுமடல் மாதிரி மடங்கிக்கொண்டது. சரி, தோசைக்கல்லில் போட்டு வாட்டிக்கொள்ளலாம், அதற்கென்ன, கிறிஸ்மஸ் அன்றைக்கு ரொட்டி காயாமல் போனது இது முதல் தடவையா. அடுப்பைப் பற்றவைத்தாள். சுவரில் மணி எட்டேகால். எட்டேகால் என்றால் பஸ் மதுரையை விட்டுக் கிளம்பிக் கால் மணி ஆகியிருக்கும். ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருப்பான் ரெமி, சின்னதிலேயே அப்படித்தான், ஜன்னல் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்பான். முந்தாநாள் போனில் அவன் சொன்னது அப்படியே காதுக்குள் உட்கார்ந்திருந்தது, எழுந்து போகவே மாட்டேன் என்று. "ஒன்பது மணிக்குள்ள அப்பாகிட்ட சொல்லிட்டு எனக்கு ஒரு போன் போடும்மா. போன் வந்தா வீட்டுக்கு வாரேன். வரலன்னா அருப்புக்கோட்டையில இறங்கி கூடப் படிச்ச பீட்டர் வீட்டுக்குப் போயிருதேன். அங்கியப் போட்டுக்கிட்டு அப்பா முன்னால இன்னொரு தடவை நிக்க என்னால ஆகாது." பாதிரியாருக்குப் படிக்கப்போன குருமடத்தை விட்டு அவன் வெளியே வந்து மூன்று வாரம் ஆகிறது. அவளுக்குத் தெரிந்து பத்து நாள். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சொல்லவேண்டியது அவள்தான், இன்னும் முக்கால் மணி நேரத்துக்குள். அவளோ ரொட்டியை வாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்கிற வழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. எல்லாம் ஜெபமாலைக் கணக்குத்தான். முட்டை வேக, பத்து மணி உருட்டுகிற ஒரு முழுப் பத்து, வெங்காயம் பொன்னிறமாய் வதங்க இரண்டு, பருப்புக்கு மூன்று. ஒவ்வொரு பத்தையும் ஒரு ஆளுக்கு ஒப்புக்கொடுத்துவிடுவாள், ஒரே வேலையாய் முடிந்துவிடும், வீட்டுக்காரருக்கு ஒன்று, மூத்தவள் ஜெனோவாவுக்கு ஒன்று, ரெமிக்கு ஒன்று. வாயில் மந்திரம், கையில் கரண்டி. இந்த வீட்டில் யாருக்கு எது கருகிப்போகாமல் வெந்திருக்கிறதோ அதெல்லாம் அப்படி வெந்ததுதான். இப்போதும் வெங்காயத்தைக் கொட்டி, வெண்ணெய் ஓரங்களில் நுரைத்து ஏறுகையில், அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிவிட்டாள். அவருடைய பத்து முடிந்தது. ஜெனோவாவினுடையது முடிந்தது. மூன்றாவது பத்தில் நான்காம் மணிக்கு வந்ததும் விரல் நின்றுபோனது. பத்து நாளாய் இப்படித்தான், நான்கு வரைக்கும் வருகிறது, அதற்கப்புறம் நான்கா ஐந்தா என்று தெரியாமல் திரும்ப முதலிலிருந்து தொடங்கி, திரும்ப நான்கில் நின்று. கிணற்றில் விட்ட வாளி எங்கேயோ கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் கயிறு கையிலேயே துடிக்குமே, அந்த மாதிரி. மாதாவே, எனக்கு எண்ணத் தெரியாமல் போயிற்றா. வெங்காயத்தின் வாசனை மாறியது. பார்த்தால் ஓரமெல்லாம் கறுத்துவிட்டிருந்தது. பதறி இறக்கி, கறுத்ததை மட்டும் கரண்டி நுனியால் ஒதுக்கினாள். ஒதுக்க ஒதுக்க இன்னொன்று வந்துகொண்டே இருந்தது.

இந்த அடைசலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது குளோத்தில்டா சிஸ்டர். எட்டாம் வகுப்போடு நிறுத்தி கன்னியர் மடத்து அடுக்களையில் அவளைச் சேர்த்தபோது பதினாலு வயசு, அம்மா இல்லாத பிள்ளை. எந்த நாட்டுக்காரியோ அந்த சிஸ்டர், கன்னமெல்லாம் எப்போதும் அடுப்படியில் நிற்கிற மாதிரி சிவந்திருக்கும். அவர்கள் ஊரில் கோழிக்குப் பக்கத்தில் இது இல்லாவிட்டால் பண்டிகையே இல்லையாம். பழைய ரொட்டி, வெண்ணெய், வெங்காயம், கோழி ஈரல், பாலும் கோழி வேகவைத்த தண்ணீரும், மேலே உடைத்து ஊற்ற ஒரு முட்டை, அப்புறம் ஏதோ ஒரு இலை. அந்த இலை இங்கே கிடைக்காமல் தோட்டம் முழுக்க ஒவ்வொரு செடியாய்க் கிள்ளி மோந்து மோந்து அலைந்து கடைசியில் ஓமவல்லியில் வந்து நின்றாள் அந்த அம்மாள். அன்றைக்கு முழுக்க அவள் கை ஓமவல்லியாய் மணத்தது. "பிரகாசி, ரொட்டி தண்ணி குடிக்கணும். குளிக்கக் கூடாது," என்பாள் உடைந்த தமிழில். அதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் இந்த வீட்டில் எத்தனை வருஷம் சிரித்திருக்கும். ரெமி அவளைப் போலவே கன்னத்தை உப்பிக்கொண்டு சொல்லிக் காட்டுவான், பார்த்தே இராதவன். ஈரலைச் சின்னச் சின்னதாய் நறுக்கினாள். கத்தி நழுவி நழுவிப் போயிற்று. ஈரல் எப்போதுமே அவளுக்குப் பயம், அறுத்தாலும் உயிர் இருக்கிற மாதிரி ஒரு வழவழப்பு அதற்கு. ஆண்டவரே, பஸ் டிரைவர் நேற்று ராத்திரி தூங்கினானோ இல்லையோ. கிறிஸ்மஸ் ராத்திரி யார் தூங்குகிறார்கள். நாலுவழிச் சாலையில் லாரிகளை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவார்களாம், பின்னால் லைட்டுகூட இருக்காதாம். நான் கொடுத்தது. நான் கொடுத்ததை அவன் திருப்பி எடுத்துக்கொண்டு வருகிறான். யாருக்குக் கொடுத்தேனோ அவரிடமிருந்து. அவர் கேட்டால்? கையை நீட்டி என்னுடையது எங்கே என்று நடுரோட்டில் கேட்டால்?

"ஏம்மா, ஈரலை அறுக்கிறியா, ஜெபிக்கிறியா?" ஜெனோவா உள்ளே வந்து தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தாள். கல்யாணமாகி நாலாம் மாதம், நேற்றுதான் வந்திருக்கிறாள், நின்ற இடத்தில் ஏதாவது சொல்லாமல் அவளால் நகர முடியாது. "ரெண்டுந்தான்," என்றாள் பிரகாசியம்மாள். "அதான பார்த்தேன். கோழிக்கும் ஆன்ம இளைப்பாற்றி கிடைச்சிரும்." "ஏளா, நல்ல நாளும் அதுவுமா வாய வச்சிக்கிட்டு இருக்க மாட்ட." "முன்னால போய்ப் பாரு, உன் வீட்டுக்காரர் பண்ணுற கூத்தை. ரெமி பிரதர் போட்டோவுக்கு மூணாவது தடவையா துடைப்பு நடக்குது. கண்ணாடி தேஞ்சு உள்ள இருக்கவரு வெளிய வந்துருவாரு." சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கும் தெரியாது. முன்னறையிலிருந்து அவர் குரல் கேட்டது, எதிர்வீட்டு ராயப்பனிடம். "பதினோரு மணிக்கு வந்துருவாப்ல. பஸ்ல ஏறியாச்சாம்." ராயப்பன், "குருப்பட்டம் அடுத்த வருசமா, கஸ்பாரண்ணே?" என்றான். "அதுக்கடுத்த வருசம். நீ இப்பமே வேட்டி எடுத்து வச்சிராத." ரெண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த சந்தோஷம் சுவரெல்லாம் தாண்டி அடுப்படிக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்றது. அறுபது வயது வரைக்கும் யாரிடமும் தலை நிமிர்ந்து பேசாத மனுஷன். கோயில் பெஞ்சில் கடைசி வரிசையைத் தவிர வேறு தெரியாதவர், மகன் அங்கி போட்ட வருஷத்திலிருந்து மூன்றாம் வரிசைக்கு வந்திருக்கிறார். அவள் போய் இப்போது என்ன சொல்லுவாள், திரும்பக் கடைசிக்குப் போங்கள் என்றா.

ரொட்டித் துண்டுகள் கல்லில் மொறுமொறுவென்று சிணுங்கின. திருப்பிப் போட்டாள். பொன்னிறம், பொன்னிறம், ஒன்று மட்டும் வெளுப்பாய். ரெமி பிறந்தபோது இப்படித்தான் இருந்தான், வெளுப்பாய், சத்தமே இல்லாமல். பதினோராம் மாதம் ஜன்னி வந்தது. மூன்று நாள் காய்ச்சல், கண்கள் மேலே ஏறிக்கொண்டன, டாக்டர் கையை விரித்தார் என்று சொல்வார்களே, அவர் விரிக்கக்கூட இல்லை, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார், அவ்வளவுதான். அந்தப் பேனா மூடி 'டிக்'கென்று சொன்ன சத்தம் அவளுக்கு இன்றைக்கும் கேட்கும், குக்கர் வெயிட்டை வைக்கிறபோதெல்லாம். அன்றைக்குத்தான் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டிபோட்டுச் சொன்னாள், இவனைப் பிழைக்க வை, உனக்கே கொடுத்துவிடுகிறேன், உன் பீடத்துக்கே. விடிய ஒரு நாழிகை இருக்கும்போது காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார், கேட்டுக்கொண்டுதான் நின்றார். மறுவருஷம் திருவிழாவுக்கு அவருடைய ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பீடத்தடியில் கிடத்திவிட்டு, அவள் மெழுகுதிரி கொளுத்தப் போனாள், திரும்பி வரும்போது அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றிருந்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அதைப்பற்றி ரெண்டு பேரும் பேசியதில்லை. பேசினால் காய்ச்சல் திரும்ப வந்துவிடும் போல இருந்தது. ஆனால் ரெமிக்கு அவள் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு, அவன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாய்த்தான் சொன்னாள், "நீ நேர்ந்த பிள்ளைடா." அவன் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். மென்றான். விழுங்கினான். "சரிம்மா," என்றான். அப்புறம் ரசத்துக்குக் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். அவளுக்கு அப்போது மனசு குளிர்ந்துபோயிற்று, மோட்சமே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. ஏழு வருஷம். முதல் வருஷம் அங்கி போட்டு வந்து நின்றபோது 'வாங்க பிரதர்' என்று தன் வயிற்றில் பிறந்தவனைக் கூப்பிட்டாள். அவன் முகத்தில் என்னமோ ஒன்று வந்து போனது. அது என்ன என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. அங்கியின் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னான், கோபமே இல்லாமல், பொறுமையாய், "அம்மா, ஆண்டவர் மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. நீ போகச் சொன்ன, போனேன். அவர் என்னைக் கூப்பிடவே இல்லம்மா. ஏழு வருசமும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்." பாவம், எத்தனை ராத்திரி அப்படிக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பானோ.

பெரிய சட்டியில் ரொட்டியைப் போட்டு, வெங்காயம், ஈரல், மிளகு, கிள்ளிய ஓமவல்லி எல்லாம் கொட்டிக் கையாலேயே பிசறினாள். பாலையும் கோழித் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளித்தாள். ரொட்டி குடிக்கிற சத்தம் கேட்கும், உற்றுக் கேட்டால், மணலில் அலை உள்ளே போகிற மாதிரி ஒரு சின்ன 'ஸ்ஸ்'. கைகள் வெதுவெதுப்புக்குள் மூழ்கிக் கிடக்க, அவளுக்கு இந்தச் சட்டிக்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன. அவன் பீட்டர் வீட்டில் நன்றாய்த்தான் இருப்பான், அங்கேயும் கோழி இருக்கும். பதினோரு மணிக்கு இவர் வாசலில் நிற்பார், பன்னிரண்டுக்கும் நிற்பார், பஸ் லேட்டாயிருக்கும் என்று ராயப்பனிடம் சொல்லுவார். அப்புறம்? அடுத்த கிறிஸ்மஸுக்கு? அருப்புக்கோட்டையில் ஒரு தடவை இறங்கிய பிள்ளை அப்புறம் எத்தனை ஊரில் இறங்கும், ஒவ்வொரு ஊராய்ப் பின்னால் பின்னால் போய். அவள் கண்ணுக்கு அந்தப் பஸ் தெரிந்தது, இருபக்கமும் வேலிக்காத்தானாய் நிற்கிற சாலையில், ஈரமான காலையில், ஒரு ஜன்னலில் மட்டும் ஒரு முகம், வெளுப்பாய், சத்தமே இல்லாமல். தட்டில் வெண்ணெய் தடவி அடைசலைப் பரப்பி, மேலே முட்டையை உடைத்து ஊற்றினாள். மணி எட்டு நாற்பத்தைந்து.

"ஆச்சா?" கஸ்பார் அடுப்படி வாசலில் நின்றார், தோளில் துண்டு. கிறிஸ்மஸ் காலையில் தெருக்கோடிப் பேக்கரியில் கேக்கெல்லாம் முடிந்து சும்மா கனன்றுகொண்டிருக்கும் அடுப்பில் தெருவே தட்டுகளைக் கொண்டுபோய் வைக்கும். தட்டுத் தூக்குவது எப்போதும் அவர் வேலை. "பத்து மணிக்கு அடுப்ப மூடிருவான். தா."

அவள் தட்டை எடுத்தாள். நீட்டவில்லை. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க."

"பாத்துட்டுத்தான நிக்கேன்."

"ரெமி மடத்தை விட்டு வந்துட்டான்."

"லீவு விட்டா வரத்தான செய்வான்."

"லீவுக்கு இல்ல. ஒரேயடியா."

துண்டு தோளிலிருந்து ஒரு பக்கம் வழுகியது. அவர் அதைச் சரிசெய்யவில்லை. வெளியே யார் வீட்டிலோ மைக் கட்டிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு."

"உனக்கு எப்போ தெரியும்?"

"பத்து நாளா."

"பத்து நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க," என்றார். சத்தமே இல்லை அதில். அவர் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாய் இருந்திருக்கும். "ஏனாம்? என்ன தப்பு பண்ணுனான்?"

"ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுதுதான். அவன் இஷ்டப்பட்டுப் போகல. நான் நேர்ச்சைய சொன்னேன், அதுக்காகப் போனான். இப்ப நான் சொன்ன வாக்கு..." தட்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "அவன் பஸ்ல வாரான். காலையிலருந்து அந்தப் பஸ்ஸையே நினைச்சுக்கிட்டு நிக்கேன். குடுத்த பிள்ளைய ஆண்டவர் எடுத்துக்கிட்டார்னா நான் என்ன செய்வேன்."

கஸ்பார் அவளையே பார்த்தார். ஒன்றும் புரியாத மாதிரி, அப்புறம் ஒவ்வொன்றாய்ப் புரிகிற மாதிரி.

"எந்த நேர்ச்சை? ஆஸ்பத்திரியில சொன்னதா?"

"ஆமா."

"அடிப் பாவி. அவனத்தான் மறுவருசமே வாங்கியாச்சே."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் தட்டை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்பு மேடையில் வைத்தார். அப்புறம் அவளைப் பார்க்காமல், அடைசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க ஊர்ல அது உண்டு. நேர்ந்த பிள்ளையப் பீடத்துல கிடத்துவாங்க, அப்புறம் எடைக்கு எடை உப்பு குடுத்து பெத்தவங்களே வாங்கிக்கிடுவாங்க. அதோட தீந்துபோச்சு. மாதாவுக்குப் போகவேண்டியது போயிரும், பிள்ளை வீட்டுக்கு வந்துரும். நான் அப்போ உப்பளத்துல வேலை பாத்தேன்லா, ஒரு சாக்கு கொண்டு வந்து கோயிலுக்குப் பின்னால வச்சிருந்தேன். நீ மெழுகுதிரி கொளுத்திக்கிட்டு இருந்த. மணியடிக்கிற கோயில்பிள்ளை தராசுல வச்சு நிறுத்தான். பத்தே முக்கால் கிலோ. கொலுசக் கழட்டுன்னேன், மாட்டேன்னுட்டான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சிஸ்டர்மார் வளத்த பிள்ளை. ஆண்டவர்கிட்ட போய் தராசத் தூக்கிட்டு நின்னீங்களான்னு மூணு நாளைக்கு அழுவ. பிள்ளை பிழைச்சா போதும்னு விட்டுட்டேன்." நழுவிய துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவன் மடத்துக்குப் போறேன்னப்போ, நமக்கு இப்படி ஒரு பிள்ளையா, அவனா வாயத் தொறந்து கேக்குறானேன்னு... நான் எத்தனை பேர்கிட்ட அதச் சொல்லியிருக்கேன் தெரியுமா? அவனாக் கேட்டான், அவனாக் கேட்டான்னு." தட்டின் விளிம்பில் ஒட்டியிருந்த ரொட்டித்துண்டை விரலால் உள்ளே தள்ளினார். "ஒரு வார்த்தை நீ என்கிட்ட கேட்டிருக்கலாம். நான் அவன்கிட்ட கேட்டிருக்கலாம். பதினேழு வயசுப் பய."

அவள் சுவரோடு சாய்ந்தாள். அழுகை வரவில்லை. உடம்புக்குள் எங்கேயோ இருபத்துநாலு வருஷமாய் இழுத்துப் பிடித்திருந்த கயிறு ஒன்று கையை விட்டு நழுவி விறுவிறுவென்று ஓடியது, எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல். ஓமவல்லி மணத்தது. அந்தத் தராசில் உட்கார்ந்து காலை ஆட்டியிருப்பானோ. கொலுசு சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டுமே, கூட்டத்தில் கேட்காமல் போயிற்றே. பத்தே முக்கால் கிலோ உப்பு. அது எந்தக் குழம்பில் கரைந்து யார் வயிற்றில் போயிற்றோ, மாதாவே, அவர்கள் நன்றாயிருக்கட்டும். பயம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் அது இத்தனை நாளும் மேலே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது கீழே இறங்கி அவளுக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதன் முகமும் வேறாக இருந்தது. ரசத்துக்குச் சோறு கேட்ட பையனின் முகம். இனிமேல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் அவள்.

"மணி என்ன?" என்றார் கஸ்பார்.

"ஒன்பதுக்கு அஞ்சு இருக்கு. ஒன்பதுக்குள்ள போன் போடலன்னா அவன் அருப்புக்கோட்டையில இறங்கிருவான். வீட்டுக்கு வரமாட்டானாம்."

"அத மொதல்ல சொல்லுறதுக்கு என்ன? போடு."

"நீங்க பேசுதீங்களா?"

"நான் வாயத் தொறந்தா ஏதாவது வந்துரும். வரட்டும். வந்தப்புறம் திட்டுதேன்." துண்டைச் சும்மாடாய்ச் சுருட்டித் தலையில் வைத்து, தட்டை ஏற்றிக்கொண்டு, முன்னறை வழியாக, போட்டோவைப் பார்க்காமல் வெளியே போனார். "என்னண்ணே, பிரதருக்கா?" என்று ராயப்பன் கேட்டது காதில் விழுந்தது. "என் மகனுக்கு," என்றார் அவர். அதற்குமேல் நிற்கவில்லை போலும், செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்துகொண்டே போனது.

வெண்ணெய்க் கை, போனில் எண்கள் வழுக்கின. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். பஸ் இரைச்சல், யாரோ இருமுவது, ஒரு குழந்தை.

"அம்மா?"

"ம்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, தராசு, கொலுசு, ஒரு சாக்கு உப்பு, என்னை மன்னிச்சிரு என்கிற வார்த்தை. அதெல்லாம் போனில் சொல்கிறதா.

"அப்பா என்ன சொன்னாங்க?"

"வந்தப்புறம் திட்டுவாங்களாம்."

மூச்சு விட்டானா, சிரித்தானா, தெரியவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சினான்.

"டிக்கெட் எங்க வரைக்கும்ல எடுத்திருக்க?" என்றாள்.

அவன் தயங்கினான். "அருப்புக்கோட்டை வரைக்குந்தாம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஏறும்போதே அவ்வளவுதான் எடுத்திருக்கிறான்.

"கண்டக்டரக் கூப்பிடு."

"அருப்புக்கோட்டை வந்துருச்சும்மா, இறங்குறவங்கல்லாம் எந்திரிச்சு நிக்காங்க. வீட்டுக்கு வந்து பேசிக்கிடுவோம்."

"நீ இப்பமே கூப்பிடு. நான் போன வைக்கல."

கூட்டத்துக்குள் அவன் குரல் கேட்டது, போனை விட்டுத் தள்ளி, "அண்ணே, அண்ணே, தூத்துக்குடிக்கு ஒண்ணு." கண்டக்டர் அலுத்துக்கொண்டார். "ஏம்ப்பா, ஏறுறப்போ எங்கன கெடந்துச்சு புத்தி? இறங்குற நேரத்துல வந்து..." விசில் ஒன்று ஊதியது. பிரகாசியம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தச் சின்ன மிஷின் கர்ரென்று ஓடி டிக்கெட்டைத் துப்புகிற சத்தம் வருகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.